ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: விண்டோஸ் 7ல கலர் மாறித் தெரியுது

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை மூடிட்டு கேமை ஓட்டுங்க, புல்லு சிவப்பாவும் தண்ணி பிங்க்காவும் தெரியுறது நின்னுடும். கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னு புதுசு கிதுசு வாங்கிடாதீங்க.

1999ல வந்த கேம், மொத்தமே 256 கலர் இருக்கிற பேலட்லதான் (கலர் பட்டியல்) ஓடும், டெஸ்க்டாப்பை வரையுற எக்ஸ்ப்ளோரரும் அதே பேலட்ல கை வைக்கிறதாலதான் இந்தக் கூத்து.

டாஸ்க் மேனேஜர்ல எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இயை எண்ட் பண்ணுங்க, டாஸ்க்பார் ஐகான் எல்லாம் மறைஞ்சுடும், பதறாதீங்க. அங்கேயே ஃபைல் மெனுல நியூ டாஸ்க் போய் கேமை ஓட்டிப் பாருங்க. கேம்ல டவுன் சென்டர் கட்டடம் பக்கத்துல ஆடு நிக்கிற புல்லு பச்சையா இருந்தா இதுதான் பிரச்சனை.

எக்ஸ்ப்ளோரரை மூடுறதுக்கு முன்னாடி, ஃபைல் ஏதாச்சும் காப்பி ஆகிட்டிருந்தா முடியுற வரைக்கும் பொறுங்க, பாதில அறுந்துடும். ஆடி முடிச்சதும் நியூ டாஸ்க்ல எக்ஸ்ப்ளோரர்னு அடிச்சா டெஸ்க்டாப் திரும்ப வந்துரும். ஒவ்வொரு தடவையும் இதைப் பண்ணணும், கடுப்புதான்.