கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்

சாத்தான் புகுந்த மனிதர்களைப் பற்றிய படங்களை முப்பது ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். வெள்ளவத்தையில் மாதந்தோறும் படம் பார்க்கக் கூடும் நண்பர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தை அண்மையில்தான் பார்த்தேன், அண்ணா. பாதிப் படம்வரை ஒன்றுமே நடக்கவில்லையே. இதற்கா 1973இல் மக்கள் மயங்கி விழுந்தார்கள்?

அந்தப் பாதியில்தான் எல்லாம் நடக்கிறது, தம்பி. மகளுக்கு என்னவென்று தெரியாமல் ஒரு தாய் வைத்தியர் வைத்தியராக அலைகிறாள். சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றிச் செய்யும் பரிசோதனைக் காட்சியை மறுபடியும் பாருங்கள். அதில் சாத்தானே இல்லை. இருந்தும் அன்று அரங்கில் பலரைத் தடுமாற வைத்தது அந்தக் காட்சிதான். கடவுள் நம்பிக்கையே இல்லாத அந்தத் தாய், வேறு வழியில்லாமல் ஒரு குருவானவரிடம் போய் நிற்கும்போது நாமும் அவளோடு களைத்துப் போயிருக்கிறோம். பிறகு சிறுமியின் தலை சுழல்வது அந்தக் களைப்பின் மேல் விழும் அடி. இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினின் பின்னால் வந்த பலர் தலை சுழல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு தாயை விட்டுவிட்டார்கள். இவ்வகைப் படத்தில் பயம் கட்டிலில் கிடப்பவரிடம் இருப்பதைவிடக் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் கையாலாகாத்தனத்தில்தான் அதிகம் இருக்கிறது.

ஒலியையும் கவனியுங்கள். சாத்தானின் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற முதிர்ந்த நடிகையுடையது. அந்தக் கரகரப்புக்காகப் பச்சை முட்டை விழுங்கி, புகைபிடித்து, மது அருந்திக் குரலை வருத்திக்கொண்டார். முதலில் வெளியான பிரதிகளில் அவர் பெயரே இல்லை, போராடித்தான் பெற்றார். மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படுக்கையறை அரங்கத்தை உறைநிலைக்குக் கீழே குளிரூட்டினார்கள். நடிகர்களின் நடுக்கம் நடிப்பு மட்டுமல்ல.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அன்பர்: நான் கத்தோலிக்கன். படங்களில் வருவதுபோல எந்தக் குருவானவரும் நினைத்த நேரத்தில் பேயோட்டலாமா?

முடியாது. திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் பிரிவு, ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்கிறது. 1614இல் வகுக்கப்பட்ட சடங்குமுறை 1999இல் திருத்தி வெளியிடப்பட்டது. மனநோயைப் பேய் என்று எண்ணி மயங்கிவிடக் கூடாது என்பதை அது வலியுறுத்துகிறது.

தெமட்டகொடையிலிருந்து ஒரு சகோதரர்: சிலுவையும் புனித நீரும் எங்கள் வீட்டுப் பயத்தோடு ஒட்டுவதில்லை. ஜின்களைப் பற்றி நல்ல படம் உண்டா?

உண்டு. முதலில் ஒரு தோல்வியைச் சொல்கிறேன். 1974இல் துருக்கியில் மெத்தின் எர்க்சான் ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தை ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி திருப்பி எடுத்தார். குருவானவர் இருந்த இடத்தில் இஸ்லாமியப் பின்னணி வந்தது. உடல் இடம்மாறியது, பயம் வேரூன்றவில்லை. அந்தக் கதையின் எலும்புகள் கத்தோலிக்கச் சடங்கால் ஆனவை.

நீங்கள் பார்க்க வேண்டியது பாபக் அன்வாரியின் ‘அண்டர் த ஷேடோ’, 2016. பாரசீக மொழிப் படம். ஈரான் - ஈராக் போரின் கடைசிக் காலத்துத் தெஹ்ரான், கணவன் போர்முனையில். கண்ணாடி சிதறாமல் இருக்க ஜன்னல்களில் குறுக்காக ஒட்டப்பட்ட பட்டிகளுக்குள் ஒரு தாயும் சிறு மகளும். மேல்மாடியைத் துளைத்து விழுந்த ஏவுகணை வெடிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு காற்றோடு ஏதோ உள்ளே வந்துவிடுகிறது. பதுங்குகுழியையும் செல் சத்தத்தையும் அறிந்த நம்மவர்களுக்கு அந்த வீட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. முதன்முறை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஜின் அல்ல, அந்த ஜன்னல் பட்டிகள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மாணவி: தமிழ்ப் படங்களில் பேய்கள் நிறைய வருகின்றன. சாத்தான் ஏன் அரிதாகவே வருகிறான்?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கிறது. பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள்: தன்னைக் கொன்றவனைத் தேடி வந்து, ஊர்ச்சபையில் அழுது, நீதி கேட்கிறாள். நம் திரைப்பேய்கள் பெரும்பாலும் அவளுடைய பிள்ளைகள். செத்துப்போனவர் தமக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்ல இன்னொருவரின் வாயைக் கடன் வாங்குகிறார். வழக்குத் தீர்ந்தால் போய்விடுவார். 1993இல் வந்த மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் மனநல மருத்துவர்கூட அந்த வழக்கை நடத்திக் காட்டித்தான் நோயைத் தீர்க்கிறார்.

சாத்தானுக்கு வழக்கு கிடையாது. அவனுக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை. அவன் கேட்பதைக் கொடுத்து அனுப்பவும் முடியாது. மேலும் நம் மரபில் பேய் என்பது முழுத் தீமையும் அல்ல. காரைக்கால் அம்மையார் பேயுருவை விரும்பிக் கேட்டுப் பெற்று, தம்மைக் ‘காரைக்காற் பேய்’ என்றே பாடினார். அப்படிப்பட்ட மொழியில் சாத்தானைப் படம் எடுக்க விரும்புகிறவர், காரணமற்ற தீமை என்ற எண்ணத்தையே முதலில் பார்வையாளருக்கு உணர்த்தியாக வேண்டும். உழைப்பான வேலை. யாராவது செய்ய வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

இரத்மலானையிலிருந்து ஓர் அன்பர்: சிங்கள அயலவர் வீட்டில் தொவில் என்ற பேயோட்டும் சடங்கைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் இந்தப் படங்களுக்கும் தொடர்பு உண்டா?

தொடர்பைவிட வேறுபாடுதான் எனக்கு முக்கியம். சன்னி யகும என்ற தொவில் சடங்கில் 18 சன்னி யக்குகள் (யகா என்றால் பேய்), ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு உரியது. கோல சன்னி தலைவன். இரவில் முகமூடியோடு வரும் யகா, மேளகாரரோடு வாய்த்தர்க்கம் செய்து மாட்டிக்கொள்கிறான், ஊரே சிரிக்கிறது. பிறகு புத்தரின் ஆணைக்குப் பணிந்து, படையலை ஏற்றுக்கொண்டு போகிறான். மேற்கத்தியப் படங்களில் சாத்தான் மட்டுமே சிரிப்பான்; கதவு பூட்டியிருக்கும். இங்கே நோயாளியைச் சுற்றி அயலார் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு தாய்: என் பதினொரு வயது மகன் இவற்றைப் பார்க்கக் கேட்கிறான்.

வேண்டாம், அக்கா. சில ஆண்டுகள் பொறுக்கட்டும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி: என் தங்கை சில நாட்களாக வேறு குரலில் பேசுகிறாள், தூங்குவதில்லை. வீட்டில் பேய் என்கிறார்கள். நீங்கள் இவ்வளவு படம் பார்த்தவர், என்ன நினைக்கிறீர்கள்?

படங்களை ஒதுக்கி வையுங்கள், தங்கச்சி. ஜெர்மனியில் அன்னலீசே மிஷேல் என்ற பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. 67 முறை பேயோட்டினார்கள். உணவும் நீரும் குறைந்து 1976இல், 23 வயதில் இறந்தார். பெற்றோரும் இரண்டு குருக்களும் 1978இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் யாரும் அந்தப் பெண்ணை வெறுத்தவர்கள் அல்லர். என் சின்னம்மாவுக்கும் சிறுவயதில் வேப்பிலைதான் அடித்தார்கள், அவருக்கும் வலிப்புதான். மாத்திரை தொடங்கிய பிறகு அறுபது வயதுவரை தையல் வேலை செய்து வாழ்ந்தார்.

அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இன்றே அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். வீட்டார் பூசை செய்ய விரும்பினால் செய்யட்டும், ஆனால் அதற்காக வைத்தியரை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அவள் பட்டினி கிடக்க விடாதீர்கள், யாரும் அடிக்க விடாதீர்கள். வைத்தியசாலை வரிசையில் அவள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.