ஸோங் கப்பல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

1772-இல் சாமர்செட் என்ற அடிமையை விடுவித்த இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, 1783-இல் ஸோங் கப்பல் படுகொலையை வெறும் காப்பீட்டு வழக்காக எப்படி விசாரித்தார்? அந்தக் காலத்து மனநிலை அப்படி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

மான்ஸ்ஃபீல்டு நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் இல்லை. அவர் முன் வந்தது கொலை வழக்கே அல்ல, சரக்குக்கு நஷ்டஈடு கேட்ட வழக்கு. ஸோங், ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிப்போன கப்பல். குடிநீர் போதாது என்று மாலுமிகள் 1781 நவம்பர் இறுதியில் தொடங்கி அவர்களில் 130 பேருக்கு மேல் கடலில் தள்ளினார்கள். கப்பலின் லிவர்பூல் முதலாளிகள் காப்பீடு செய்தவர்களிடம் தலைக்கு 30 பவுண்டு கேட்டார்கள். ஜூரிகள் கொடுக்கச் சொன்னார்கள். நடுவில் மழை பெய்தும் தள்ளினார்கள் என்று தெரிந்தபிறகுதான் மறுவிசாரணைக்கு உத்தரவானது. கப்பல் ஜமைக்கா சேர்ந்தபோது 420 காலன் தண்ணீர் மிச்சம் இருந்தது. கொலைக்காக ஒருவர்மேல்கூட வழக்கு நடக்கவில்லை.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதைப் படித்ததும் கோபம் வந்தது. அந்தக் காலத்து மனநிலை என்றால் யாருடைய மனநிலை? கப்பலில் விலங்கு பூட்டிக் கிடந்தவர்கள் எந்தக் காலத்து மனிதர்கள்? சோறும் தண்ணீரும் வேண்டாம், எங்களைத் தள்ளாதீர்கள் என்று அவர்களில் ஒருவர் கெஞ்சினார். தள்ளப்பட்ட ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கப்பலுக்குள் திரும்ப ஏறிவிட்டார். அந்தக் கெஞ்சல் கப்பல் துணை அதிகாரியின் வாக்குமூலத்திலேயே இருக்கிறது. அடிமையாக இருந்து தன்னை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட எக்வியானோ, செய்தி கேட்டதும் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பிடம் போனார். ஷார்ப் சுருக்கெழுத்தாளரோடு கோர்ட்டுக்குப் போனார், கொலை வழக்குப் போடச் சொல்லி மன்றாடினார். இவர்கள் எல்லாரும் அதே 1780-களில்தான் வாழ்ந்தார்கள். காலத்தை முதலாளிகள் பெயருக்குப் பட்டா போட்டுக்கொடுக்க நாம் யார்?

உங்களை மட்டும் திட்டவில்லை, தம்பி. என் சின்ன வயதில், எங்கள் வயலில் நடவு செய்த ஓர் அம்மாவுக்கு என் பாட்டி கொட்டாங்கச்சியில்தான் தண்ணீர் ஊற்றுவார். ஏன் என்று கேட்டால், "அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்பார். ஒருநாள் அந்த அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு, கொட்டாங்கச்சியை வாசலிலேயே போட்டு மிதித்து நொறுக்கிவிட்டுப் போனார். அப்புறம் வரவேயில்லை.

அதை நேரில் பார்த்த பிறகும் பாட்டியின் அந்த வார்த்தையை நான் இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களாவது சொல்லாதீர்கள்.