பறவை வளர்ப்பவர்கள் எல்லாம் வசதியானவர்களா?

‘வீட்டில் பறவை வளர்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்குதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன், ஏசி மெக்கானிக். 15 வருடமாகச் சென்னையில் எல்லா விதமான வீட்டுக்குள்ளும் போய் வருகிறேன். நான் பார்த்தவரை, யார் எந்தப் பறவை வளர்ப்பது என்பதைச் சம்பளத்தைவிட வீடுதான் முடிவு செய்கிறது. சொந்த வீடா, வாடகையா? மொட்டைமாடி உங்கள் கையில் இருக்கிறதா?

வாடகை வீட்டுக்காரர்கள் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பார்கள். நாம் அப்படிச் சொல்லும் பறவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர். ஜோடி சில நூறு ரூபாய், கொஞ்சம் தினை, முட்டையிட ஒரு மண்பானை, அவ்வளவுதான். வீடு மாறும்போது கூண்டைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் அம்மா அப்படித்தான் மூன்று வீடு மாற்றினார். பறவை கொத்தித் தின்னக் கடையில் காசு கொடுத்து வாங்கும் கணவாய் மீன் ஓட்டை நாங்கள் கடற்கரையில் பொறுக்கி வந்து கூண்டில் கட்டுவோம்.

மக்காவ் என்ற பெரிய கிளி லட்சக்கணக்கில் விலை போகிறது. அதற்குத் தனி அறையே ஒதுக்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் அது சமையல் அக்காவின் குரல் கேட்டால்தான் சத்தம் போடும், தினமும் பழம் நறுக்கி வைப்பவர் அவர்தானே. மக்காவ் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏழை வீட்டுப் பாட்டிகள் பலருக்கு இது தெரியாது. ஆனாலும் சட்டம் சரி என்றே நினைக்கிறேன். அந்தக் குஞ்சுகள் மரப்பொந்திலிருந்து திருடி வரப்பட்டவை.

அப்புறம் புறா. வடசென்னையில் மீன் ஏலம் விடுபவர், ஆட்டோ ஓட்டுபவர், நாலு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர் எல்லோரும் ஒரே பந்தயத்தில் புறா விடுவார்கள். அவர்களுக்குள் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: தலைமுறையாக அதே தெரு, அதே மாடி. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடி வரும் பந்தயப் புறாதான் ஹோமர். அதை நெல்லூர், ஓங்கோல் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய் விட்டுப் பழக்குவார்கள். வளர்ந்த ஹோமர் திரும்பி வருவது கூட்டைத் தேடித்தான். ஆள் வீடு மாறினாலும் அது பெரும்பாலும் பழைய மாடிக்கே போகும். புது மாடியில் சுலபமாக நிற்பது அங்கேயே பொரித்த குஞ்சும், வெளியே பறந்து பழகுவதற்கு முன்பே கொண்டுவந்த குஞ்சும்தான்.

என் மாமாவுக்குத் தெருவைக் காலி செய்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். நாற்பது புறாவையும் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் மூன்றை மட்டும் கூட்டிப் போனார். இரண்டு மாதம் அடைத்து வைத்துத் தீனி போட்டார். ஒரு நாள் காலையில் திறந்துவிட்டார். மூன்றும் பழைய தெருவுக்கே பறந்து போயின. அங்கே வீடு இல்லை, இடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு ரொம்ப நாள், ஞாயிற்றுக்கிழமையானால் மாமா ஒரு பையில் கம்பு எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார்.