பிக்கப் வண்டிக்குக் கூடுதல் பட்டை போட்டால் அதிக லோடு ஏற்றலாமா?

ஏற்றக் கூடாது. ஆனால் பட்டை போடுவதே தப்பு என்றில்லை.

பின் அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் வளைந்த எஃகுத் தகடுகள்தான் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். இன்னொன்று சேர்த்தால் அடுக்கு விறைப்பாகும், போச்சம்பள்ளி பக்கம் சீசனில் மாங்காய் ஏற்றினாலும் பின்பக்கம் அவ்வளவாக உட்காராது. அதன் வேலை அதோடு சரி. அச்சு, பேரிங், டயர், சேசிஸ் எல்லாம் பழையவைதானே? சும்மாட்டைத் தடிமனாகச் சுற்றினால் உச்சந்தலை வலிக்காது, கழுத்துக்கு எடை குறையுமா?

பெரிய பயம் பிரேக்தான். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும்போது கூடுதல் எடை முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்கும், சூடு மீறினால் பிடிக்காது. பலருக்குத் தெரியாதது ஒன்று: சில பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்து பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும் வால்வு உண்டு, பட்டை சேர்த்து வண்டி தாழாமல் நின்றால் லோடு இல்லை என்று அது அழுத்தத்தைக் குறைத்துவிடும், அதனால் அதையும் சரிபார்த்து செட் பண்ணச் சொல்லுங்கள்.

நீங்களே மாட்டுவதானால் முதலில் பழைய பட்டை உடைந்திருக்கிறதா பாருங்கள். பட்டை அடுக்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் புதிதாக, நீளமானதாக வேண்டும். பழையதன் மரை இழுபட்டிருக்கும். அப்புறம் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

வண்டி நேராக நிற்பதைப் பார்த்து கெப்பாசிட்டி கூடிவிட்டது என்பார்கள், ஆர்சி புக்கில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை.