இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் சேமிப்பறையும் மின் இணைப்பும் கொண்ட மர அறையை நாமே கட்ட முடியுமா?

கட்டலாம். மேற்கு லண்டனில், 1930களில் எழுந்த எங்கள் வீட்டின் பின்தோட்டத்தில், வெளி அளவில் 5.4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மர அறை ஒன்றை, வார இறுதிகளில் மட்டும் வேலை செய்து ஏழு மாதங்களில் கட்டி முடித்தேன். அதில் மூன்றில் இரண்டு பங்கு என் அலுவல் அறை. மீதி, புல்வெட்டும் இயந்திரம், மிதிவண்டிகள், பெயின்ட் டப்பாக்கள், ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் வெளியே வரும் பெரிய பாத்திரங்கள் ஆகியவற்றுக்கான இடம். நான் தச்சுத் தொழில் அறிந்தவன் இல்லை. ஆயினும் அறுப்பதும் திருகுவதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. பணமும் உழைப்பும் எனக்கு வீணானது, சேமிப்பறையையும் மின்சாரத்தையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியதால்தான். எனவே உங்கள் கேள்வியின் அந்த இரண்டு பகுதிகளைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் வீடுகளுக்கு, 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணைப்படி, தோட்டத்தில் கட்டும் துணைக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் திட்ட அனுமதி கோர வேண்டியதில்லை. அதற்கான நிபந்தனைகளில் முக்கியமானவை இவை: கட்டடம் வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக்கூடாது, துணைக் கட்டடங்களும் விரிவாக்கங்களும் சேர்ந்து, முதலில் கட்டியபோது இருந்த வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் எந்தப் பகுதி வந்தாலும் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. அடுக்குமாடி வீடுகளுக்கு இந்தச் சலுகை இல்லை; பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடுகளின் வளாகத்துக்கும் இல்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உள்ளன. கட்டட விதிமுறைகள் வேறு கணக்கு: உள்தளப் பரப்பு 15 சதுர மீட்டருக்குள் இருந்து, அதில் யாரும் உறங்குவதற்கான ஏற்பாடு இல்லையென்றால் கட்டுமானத்துக்கு விலக்கு உண்டு. 15 முதல் 30 வரை என்றால், எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், அல்லது பெரும்பாலும் எரியாத பொருளால் கட்டப்பட்டிருக்க வேண்டும். மர அறை கட்டுகிறவர்கள் 15க்குள் நிற்பதற்குக் காரணம் இதுவே. என் அறையின் உள்பரப்பு சுமார் 13.

அந்த 2.5 மீட்டர் என்பது கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். தரைக்கு அடியில் விடும் காற்று இடைவெளி, தரைச் சட்டம், கூரையின் தடிமன், நீர் வடிவதற்கான சரிவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தால், உள்ளே தலைக்கு மேல் இரண்டு மீட்டரை ஒட்டித்தான் மிஞ்சும். காகிதத்தில் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை மில்லிமீட்டர் கணக்கில் வரையாமல் ஒரு சட்டத்தைக்கூட வாங்காதீர்கள். நான் சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்புப் பலகையைக் கூரையின் கைமரங்களுக்கு மேலே வைத்து, கைமரங்களை உள்ளே தெரியும்படி விட்டுவிட்டதால், கைமரத்துக்கும் கைமரத்துக்கும் இடையிலாவது நிமிர்ந்து நிற்க முடிகிறது.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இங்கே இந்த வேலைக்குத் தேக்கும் வேங்கையும் வழக்கமில்லை. சி16, சி24 என்று வலிமை முத்திரையிட்ட, மருந்தேற்றிய ஊசியிலை மரச் சட்டங்கள் கிடைக்கின்றன. இந்த அளவுக்குச் சி16 சுவருக்குப் போதும். கூரைக்கு மட்டும் சி24 வாங்கினேன். அறுத்த முனையில் மருந்து இருக்காது என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மருந்தை மறுபடி பூச வேண்டும். வெளிப்பலகைக்கு லார்ச் அல்லது சீடர் எடுத்தால் துருப்பிடிக்காத எஃகு ஆணியே அடியுங்கள்; அந்த மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாதாரண இரும்போடு சேர்ந்து ஆணிக்குக் கீழே கண்ணீர் வழிந்ததுபோல் கருங்கோடு இழுக்கும். கரையான் பிடிக்காதா என்று ஊரிலிருந்து என் மாமனார் தொலைபேசியில் வாராவாரம் கேட்டார். பிரிட்டனில் கரையான் நிலைகொள்ளவில்லை. 1990களில் டெவனில் ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டபோது அதை ஒழிப்பதற்கு அரசே நீண்ட காலம் வேலை பார்த்தது. இங்கே மரத்தின் எதிரி பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நின்றால் அது வேலையைத் தொடங்கிவிடும்.

சேமிப்பறைக்கு வருவோம். மொத்த அறையையும் ஒரே பெட்டியாக எழுப்பிவிட்டு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பும் உள்ளிருந்து போக ஒரு கதவும் வைத்தால் முடிந்தது என்று நான் நினைத்தேன். முதல் குளிர்காலத்தில், அலுவல் அறைக்குள் சூடேற்றி 20 பாகை செல்சியஸில் உட்கார்ந்திருப்பேன். சேமிப்பறை 5 பாகையில் இருக்கும். 20 பாகையில் 60 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று 12 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் கோக்கத் தொடங்கும். என் மூச்சும், நான் குடித்த தேநீரின் ஆவியும் தடுப்பின் இடுக்குகள் வழியாக அந்தப் பக்கம் போய், உளியிலும் மிதிவண்டிச் சங்கிலியிலும் அட்டைப் பெட்டிகளிலும் துளித்துளியாக இறங்கின. சனவரியில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, ஊரிலிருந்து கப்பலில் வந்த பழைய பத்திரிகைத் தொகுப்பின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. அவற்றில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது.

சேமிப்பறையை அறையின் மிச்சமாக எண்ணியதுதான் பிழை. அது வேறொரு பருவநிலை. சூடேற்றாத பகுதி என்றால் அதை வெளியுலகமாகவே கருதி, இடையிலுள்ள தடுப்பை வெளிச்சுவரைப் போலவே காப்புப் பலகையோடும் ஆவித் தடுப்புப் படலத்தோடும் கட்ட வேண்டும். உட்கதவு கூடாது, தோட்டத்தின் பக்கம் அதற்கென்று தனிக் கதவு வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தரையை ஒட்டியும் மற்றொன்று கூரையை ஒட்டியும் வலையிட்ட காற்றுத் துளைகள் வேண்டும். இதையெல்லாம் இரண்டாம் கோடையில் பிரித்துச் செய்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் கடும் குளிராக இருக்கிறது, ஆனால் உலர்ந்திருக்கிறது. இரும்புக்கும் மிதிவண்டிக்கும் அது போதும். காகிதம், துணி, மரத்தாலான இசைக்கருவி ஆகியவற்றைச் சூடான பக்கத்திலேயே, சுவரோடு சுவராக ஆழம் குறைந்த அலமாரி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கதவின் அகலத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்: மிதிவண்டியின் கைப்பிடி 70 சென்டிமீட்டர் அகலம் இருக்கலாம், வழக்கமான ஒற்றைக் கதவில் ஒவ்வொரு முறையும் விரல் முட்டி உரசும்.

மின்சாரம் இந்த ஆவிச் சிக்கலோடு நேராக மோதும் இடம் ஒன்று உண்டு. சுவரை உள்ளிருந்து வெளியே பார்த்தால் உள்பலகை, ஆவித் தடுப்புப் படலம், சட்டங்களும் அவற்றுக்கு இடையில் காப்புப் பலகையும், மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய ஓ.எஸ்.பி. பலகை, மழைநீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடும், பிரீத்தர் மெம்பரேன் என்று கடையில் கேட்டால் தரும் படலம், 25 மி.மீ. காற்று இடைவெளி, வெளிப்பலகை என்று வரிசையாக வரும். ஒவ்வொரு பிளக் பெட்டிக்கும் ஆவித் தடுப்பை வெட்டினால், படலம் இட்டதன் பயனே போய்விடும். அதோடு, காப்புப் பொருளால் முழுதும் சூழப்பட்ட மின்கம்பியின் சூடு வெளியேற வழியில்லை: சுவர்மேல் திறந்து ஓடும்போது 27 ஆம்பியர் தாங்கும் 2.5 சதுர மி.மீ. கம்பி, காப்புக்குள் புதைந்தால் 13.5 ஆம்பியருக்குத்தான் தகும். கம்பியின் பி.வி.சி. உறை வெள்ளைத் தெர்மோகோல் பலகையைத் தொட்டுக்கொண்டே இருந்தால், உறையின் நெகிழ்வுப் பொருள் அதற்குள் கசிந்து, உறை விறைத்து வெடிக்கும். மூன்றுக்கும் சேர்ந்து ஒரே தீர்வு இருக்கிறது. ஆவித் தடுப்பு முழுவதையும் ஓட்டையின்றி ஒட்டி முடித்துவிட்டு, அதன்மேல் உள்பக்கமாக 25 மி.மீ. பட்டைச் சட்டங்களை அடித்து, கம்பிகளை அந்த இடைவெளியில் ஓட்டி, பிறகு 12 மி.மீ. பலகையால் மூடினேன். 35 மி.மீ. ஆழமுள்ள பெட்டியும் அதில் அடங்கிவிட்டது. இப்படி மேற்பரப்புக்கு அருகில் ஓடும் கம்பி, பிளக்கிலிருந்து நேர் மேலாகவோ நேர் கிடையாகவோதான் செல்ல வேண்டும். அப்போதுதான் பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிப்பவர் எங்கே அடிக்கக்கூடாது என்று ஊகிக்க முடியும்.

வீட்டிலிருந்து அறைக்கு மின்சாரம் கொண்டுவருவதை நீங்களே செய்யாதீர்கள். 2005 சனவரி முதல் நடைமுறையில் உள்ள கட்டட விதிமுறைகளின் மின் பாதுகாப்புக்கான பி (P) பகுதிப்படி, வீட்டில் புதிய மின்சுற்று அமைப்பது உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டிய வேலை. அறைக்கு விலக்கு இருந்தாலும் அதற்குள் போகும் மின்சாரத்துக்கு விலக்கு இல்லை. பதிவுபெற்ற மின்பணியாளர் பிரிட்டனின் மின்னமைப்புகளுக்கான பி.எஸ். 7671 தரப்படி செய்து, தாமே சான்றளித்துவிடுவார். வீட்டை விற்கும் நாளில் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் செய்யக்கூடியது குழி. மின்பணியாளரிடம் முன்கூட்டியே பேசி, வழியையும் ஆழத்தையும் அவர் சொன்னபடி வெட்டுங்கள். எங்களுக்கு அவர் சொன்னது 600 மி.மீ. எஃகுக் கம்பிக் கவசமிட்ட மின்வடத்தை மணல் படுக்கையில் கிடத்தி, அதற்கு மேலே சற்று உயரத்தில் எச்சரிக்கை நாடாவை விரித்து, மூடுவதற்கு முன் அளவுகோலோடு புகைப்படம் எடுத்து வைத்தேன். வடத்தின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் தூரம் 25 மீட்டர். 20 ஆம்பியர் இழுத்தால் 2.5 சதுர மி.மீ. வடத்தில் 9.5 வோல்ட் இறங்கிவிடும், 6 சதுர மி.மீ. என்றால் 4 வோல்ட்டுக்குள் நிற்கும். விளக்குகளுக்கு அனுமதிக்கப்பட்ட இறக்கம் 230 வோல்ட்டில் 3 விழுக்காடு, அதாவது 6.9 வோல்ட்தான். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும் என்பதையும், நாளை என்ன வரும் என்று இன்று தெரியாது என்பதையும் நினைத்து 6 சதுர மி.மீ. வடமே இட்டோம். அறைக்குள் சிறிய விநியோகப் பெட்டி, மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி., விளக்குக்கும் பிளக்குகளுக்கும் தனித்தனிச் சுற்று. வீட்டின் நில இணைப்பையே அங்கே கொண்டுபோவதா, அறைக்கென்று தனி நிலக்கம்பி அடிப்பதா என்பது உங்கள் வீட்டுக்கு வரும் விநியோக முறையையும், அறைக்குள் உலோகக் குழாய் ஏதும் போகிறதா என்பதையும் பொறுத்தது. அளந்து பார்க்கும் கருவி அவரிடம் இருக்கிறது, முடிவும் அவருடையதே.

நான் செய்த தவறு வரிசையில். லண்டன் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும் என்பதால், இரும்புத் திருகுத் தூண்களை இறக்கி, அவற்றின்மேல் தரையையும் போட்டு முடித்த பிறகுதான் குழியை நினைத்தேன். வடம் தரைக்கு அடியிலிருந்து நேராகப் பெட்டிக்குள் ஏறியிருக்க வேண்டும். இப்போது அது சேமிப்பறையின் வெளிச்சுவரில் கறுப்பாக ஏறி, யார் வந்தாலும் அது என்ன என்று கேட்க வைக்கிறது. தூண் இறக்கும் முன்பே குழியை வெட்டி, தரையில் வரப்போகும் துளைக்கு நேராக ஒரு குழாயை நிறுத்திவிடுங்கள். அதே குழியில், மின்வடத்திலிருந்து தள்ளி இன்னொரு குழாயைப் பதித்து, அதற்குள் இணைய வடத்தையும், பின்னாளில் வேறு வடம் இழுக்க ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் பலகையால் சுவரும் தரையும் கூரையும் மூடப்பட்டால், வீட்டு வைஃபை அதற்குள் நுழையத் திணறும். நான் இணைய வடம் இடாமல் மூன்று வாரம் வாசலில் உட்கார்ந்து கூட்டங்களில் பேசினேன்.

எங்களுக்குப் பொருட்செலவு ஏறத்தாழ 9,000 பவுண்டும், மின்பணிக்கு 1,400 பவுண்டும் ஆயின. தடுப்பைப் பிரித்துக் கட்டியது இதில் சேரவில்லை. தனியாக முடியாத நாட்கள் இரண்டு: சுவர்ச் சட்டங்களைத் தூக்கி நிறுத்திய நாளும், கூரைக்கான ஒற்றைத் துண்டு ரப்பர் விரிப்பை மேலேற்றிய நாளும். அந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் நான்கு நண்பர்களையும் ஓர் அண்டா பிரியாணியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.