பட்டறை பதில்கள்: ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

கேள்வி: என் காரின் ஸ்டார்டர் மேல் இரண்டு தட்டு தட்டினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. தட்டாவிட்டால் கல் மாதிரி கிடக்கிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்?
- பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: கேலி செய்யட்டும். அந்த இரண்டு தட்டில் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள் தம்பி. ஸ்டார்டர் மோட்டாருக்குள் சுழலும் செம்பை உரசிக்கொண்டு ஒரு கரித்துண்டு இருக்கும். கார்பன் பிரஷ் என்பது அதுதான். பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் தேய்ந்து துண்டு குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்குக்கு எட்டாது. தட்டும்போது துளி நகர்ந்து செம்பைத் தொடுகிறது, கார் எழுகிறது. ஒரு நாள் தட்டினாலும் தொடாது, அதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். புது ஸ்டார்டர் வாங்கு என்று யாராவது சொன்னால், பிரஷ் மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். அதுவரை தட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். சில மோட்டார்களில் காந்தம் உள்சுவரில் ஒட்டியிருக்கும். இரும்பால் அடித்தால் அது விரிசல் விட்டுவிடும், அப்போது நிஜமாகவே புது ஸ்டார்டர்தான்.

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா விட்டுப்போன 1997 புரோட்டோன் வீரா, 1.5, ஆட்டோ கியர். காலையில் வீட்டில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய், அரை மணி நேரத்தில் அர்ச்சனை முடித்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் அந்த ‘டக்’கூட இல்லை. மீட்டர் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். நிழலில் இன்னும் அரை மணி உட்கார்ந்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மூன்று பட்டறையில் காட்டிவிட்டேன். பேட்டரி புதுசு, ஆல்டர்னேட்டர் மாற்றியாச்சு, ஸ்டார்டரும் ஹாஃப்கட் கடையிலிருந்து (பழைய கார் சாமான் விற்கும் கடை) வாங்கிப் போட்டாச்சு. பட்டறைக்குப் போனால் மட்டும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிறது. ‘முருகன் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகச் சொல்றான்’ என்கிறார் அம்மா. விற்றுவிடலாமா?
- ஆயர் ஈத்தாம், பினாங்கு வாசகி

பதில்: விற்காதீர்கள் தங்கச்சி. அம்மா சொல்வதையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் முருகன் எந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு உங்களை நிறுத்தி வைக்கிறான் என்று பார்த்துவிடலாம்.

அந்த மூன்று பட்டறைக்காரர்களை நான் திட்டப் போவதில்லை. காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் தூக்கிப் போன பிள்ளை மாதிரிதான் உங்கள் கார் அங்கே போய் நின்றிருக்கிறது. நோய் இல்லாத நேரத்தில் நோயைத் தேடினால் ஊகம்தான் மிஞ்சும். ஊகத்துக்கு ஒரு பேட்டரி, ஊகத்துக்கு ஓர் ஆல்டர்னேட்டர் என்று பில் ஏறும். நானும் அப்படி பில் போட்டவன்தான்.

எண்பதுகளில் செந்தூலில் பட்டறை திறந்த புதிது. ஒரு டாக்சிக்காரர், பழைய டாட்சன். இதே கதை: மத்தியானத்தில் எழும்பாது, என்னிடம் வந்தால் எழும்பும். ஸ்டார்டர் மாற்றினேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்தார். பழைய சாமான்தானே, அதுவும் கெட்டிருக்கும் என்று இன்னொன்று மாற்றினேன். மூன்றாவது தடவை அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. ‘அண்ணே, வாங்க தே குடிக்கலாம்’ என்று ஒட்டுக்கடைக்குக் கூட்டிப் போனார். குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், என் கண் முன்னாலேயே ‘டக்’. அவரை மறுபடி மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நான் பேட்டரி ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயர், ஒரு முனையில் கை வைக்க முடியாத சூடு. வெளியே கறுப்பு ரப்பர் புதுசு போல இருந்தது. கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. விரலில் ஒட்டிக்கொண்டது. அத்தனை இழைகளில் நாலைந்துதான் உயிரோடு இருந்தன, அதுவும் முறுக்கினால் ஒடிந்தது. ஒரு முழம் ஒயர். அதற்கு நான் இரண்டு ஸ்டார்டர் மாற்றியிருக்கிறேன். ஒரு ஸ்டார்டர் காசைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்றைக் கொடுக்கவில்லை, அப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது.

சரி, உங்கள் வீராவுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. ஸ்டார்டர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நோய். இரண்டு ஸ்டார்டரும் ஒரே மாதிரி, ஒரே கோயில் வாசலில் மட்டுமா கெட்டுப்போகும்? ஆகவே கோளாறு ஸ்டார்டருக்கு வெளியே, அதற்குப் போகும் பாதையில்தான் இருக்க வேண்டும்.

பாதை இரண்டு. ஒன்று தடித்த கேபிள்: பேட்டரியிலிருந்து நேராக ஸ்டார்டருக்கு. எஞ்சினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் அதில் பாயும். திரும்பி வரும் வழிதான் நான் சொன்ன எர்த் ஒயர். இன்னொன்று மெல்லிய ஒயர்: பேட்டரியில் கிளம்பி, சாவிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுக்கு வந்து, ஆட்டோ கியரின் நியூட்ரல் சுவிட்சைத் தாண்டி (கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் அது மின்சாரத்தை விடும்), ஸ்டார்டர் முதுகில் இருக்கும் சொலினாய்டுக்குப் போகும். சொலினாய்டு ஒரு மின்காந்தம். மெல்லிய ஒயரில் மின்சாரம் வந்ததும் அது உள்ளே ஓர் இரும்பை இழுத்து, தடித்த பாதையை இணைத்துவிடும். நீங்கள் கேட்கும் ‘டக்’ அந்த இரும்பு நகரும் சத்தம். பாதி இழுத்துவிட்டுச் சோர்ந்துபோனாலும் ‘டக்’தான். அதுகூட இல்லாத நாளில் மின்சாரம் அங்கே போதுமான அளவு போய்ச் சேரவே இல்லை. உங்களுக்கு இரண்டும் நடக்கிறது என்பதால் என் சந்தேகம் மெல்லிய பாதை மேல்தான்.

ஏன் கோயிலில் மட்டும்? ஓடும்போது காற்றும் தண்ணீரும் எஞ்சினைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், எஞ்சினின் சூடு முழுக்க பானெட்டுக்குள்ளேயே ஊறும். நிறுத்திய பிறகு முதல் அரை மணி நேரத்தில்தான் சுற்றியிருக்கும் சாமான்களில் சூடு ஏறிக் கிடக்கும். செம்புக் கம்பி ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுதலாக மின்சாரத்தைத் தடுக்கும். காலையில் 30 டிகிரியில் இருந்த சொலினாய்டுச் சுருள் 90 டிகிரிக்கு ஏறினால் அதன் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும், இழுக்கும் பலம் குறையும். வண்டி புதுசாக இருக்கும்போது 12 வோல்ட்டும் முழுசாக வந்ததால் இது தெரியாது. இத்தனை வருஷத்தில் சாவி சுவிட்சின் உள்தகடு தீய்ந்து, இணைப்புகளில் பாசி போலப் பச்சை பிடித்து, வழியிலேயே மூன்று வோல்ட் தொலைந்துபோனால் காலையில் சமாளிக்கும், சூட்டில் சமாளிக்காது. இது எந்தப் பழைய வண்டிக்கும் வரும் வயசு நோய்.

அடுத்த வெள்ளிக்கிழமை கார் அடம்பிடிக்கட்டும். அதுதான் உங்களுக்கு நல்ல நேரம். ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, முதலில் கியரை நியூட்ரலுக்கு மாற்றிச் சாவியைத் திருப்புங்கள். பார்க்கில் எழாதது நியூட்ரலில் எழுந்தால் குற்றவாளி நியூட்ரல் சுவிட்ச், கதை முடிந்தது. எழவில்லையா, முன் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பி, எதிர்ச் சுவரில் வெளிச்சத்தைப் பாருங்கள். அணைந்துவிடும் போல மங்கினால் பேட்டரி முனையைச் சந்தேகியுங்கள், அல்லது ஸ்டார்டரே இறுகியிருக்கும். மங்கவே இல்லை என்றால் பெரிய மின்சாரம் கிளம்பவே இல்லை என்று பொருள். அப்போது கடைசியாக ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பிலும் கவ்வுங்கள். விசிறி, பெல்ட் பக்கம் ஒயர் தொங்கக் கூடாது. இப்போது எழுந்தால் என் டாக்சிக்காரர் கதைதான், எர்த் ஒயரை மாற்றுங்கள். எழாவிட்டால் மெல்லிய பாதை என்று நான் பந்தயமே கட்டுவேன்.

மீதிக்கு ஒரு பட்டறைக்காரர் வேண்டும். அவரிடம் ‘ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பாலிக் பூலாவ் மலைப்பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் போய், பானெட்டைத் திறக்காமல் அரை மணி நிறுத்திவிட்டு, அப்புறம் சொலினாய்டின் சிறிய முனையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரம் சாவியை நீங்கள் திருப்புங்கள். எஞ்சின் சுற்றாமல், பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும்போது அந்த முனையில் 9 என்று காட்டினால் திருடன் பிடிபட்டான். அங்கிருந்து பின்னால் வந்தால் போதும்: நியூட்ரல் சுவிட்சுக்கு முன், பின், சாவி சுவிட்சுக்கு முன், பின். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ, அந்தச் சாமான்தான். சாவி சுவிட்ச் என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் மின்சாரப் பகுதி தனி, அதை மட்டும் மாற்றலாம், அப்பாவின் சாவி அப்படியே இருக்கும்.

வழியெங்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகிறது என்றால் எனக்குப் பிடித்த வைத்தியம் ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். பழைய ஒயர் இனி ரிலேயை மட்டும் தூண்டும், ரிலே பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேரடி மின்சாரத்தைச் சொலினாய்டுக்கு அனுப்பும். ரிலேயின் விலை இரண்டு மூன்று தட்டு நாசி கண்டாருக்குள் அடங்கும், கூலி தனி. ஒரே ஓர் எச்சரிக்கை: நியூட்ரல் சுவிட்சை நேராக இணைத்துத் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கியரில் இருக்கும்போது கார் பாய்ந்தால் முன்னால் நிற்பது அம்மாவாக இருக்கலாம்.

கேள்வி: 1996 கஞ்சில், கார்புரேட்டர் எஞ்சின். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் ஸ்டார்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவே மாட்டேன் என்கிறது. வெயில் ஏறினால் சரி. பெட்ரோல் பம்ப் மாற்றலாமா?
- செராஸ் வாசகர்

பதில்: வேண்டாம். பம்புக்கு மழை தெரியாது. சுற்றுகிறது என்பதால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. நெருப்புப் பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தில் வேறு வழி ஒழுகுகிறது. இருட்டிய பிறகு எஞ்சினை ஓட விட்டு, தலைமுடிக்குத் தண்ணீர் அடிக்கும் புட்டியால் பிளக் ஒயர்கள் மேலும், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மேலும் பனி போல லேசாக அடியுங்கள். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், நல்ல உதை விழும். நீலமாக ஓடும் பொறி கண்ணுக்கே தெரியும், எஞ்சினும் திணறும். அப்புறம் எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். பென்சிலால் கிறுக்கியது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் பொறி தனக்கென்று ஒரு பாதையே போட்டுக்கொண்டது. அதைத் தேய்த்துப் பார்த்துப் பயனில்லை. மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர், மூன்று பிளக் ஒயர், கோயிலிலிருந்து வரும் ஒயர் (இக்னிஷன் கோயில் தம்பி, தண்ணீர்மலை இல்லை), இவற்றைச் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றுவதற்கு முன் எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.