ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், இடுப்பு ஏன் இப்படி வலிக்கிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. வீட்டில் தையல் வேலை. நான்கு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு "வயசுக்கேற்ற தேய்மானம்தான்" என்றார்கள். இப்போது மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார்கள் வீட்டில். வலி குறைந்த நாளில் ஆர்டர் முழுவதையும் உட்கார்ந்து தைத்துவிடுவேன். அடுத்த மூன்று நாள் எழ முடியாது. நானாகத்தான் கற்பனை செய்துகொள்கிறேனா?

பதில்: இல்லவே இல்லை. உங்கள் வலி நிஜம். அதை முதலில் உங்கள் வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஸ்கேன் எலும்பையும், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கையும் காட்டும், வலியைக் காட்டாது. வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் 100-க்கு 68 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருப்பதாக 2015-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், அடிபட்ட இடம் ஆறியிருந்தாலும் நரம்பு மண்டலம் பல நேரம் அடங்குவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுபோல, குனிவது, குடம் தூக்குவது போன்ற சாதாரண அசைவையும் அது ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. தூக்கமின்மை, பயம், யாரும் நம்பவில்லையே என்ற வேதனை எல்லாம் அதை இன்னும் அரள வைக்கும். டாக்டர் ஆலோசகரிடம் அனுப்பியது இதற்காகத்தான். உங்களைத் தட்டிக்கழிக்க அல்ல. அதை அவர் விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

இனி உங்கள் தையலுக்கு வருவோம். எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் நல்ல நாட்கள்தான். அன்று அள்ளிப்போட்டுச் செய்யும் வேலைக்கு அடுத்த மூன்று நாளைக் கொடுக்கிறீர்கள். படுத்தே இருப்பதால் தசை தளர்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வலிக்கிறது. ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பாருங்கள்: உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் வலி ஏறுகிறது? 40 நிமிடம் என்றால், 30-லேயே மெஷினை விட்டு எழுங்கள். தையல் பாதியில் நின்றாலும் சரி. கொல்லைப்புறம் வரை நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். வலி இல்லாத நாளிலும் அதே 30 நிமிடம்தான். கஷ்டமான பகுதி அதுதான், கை பரபரக்கும். வலி கூடிய நாளில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரேயடியாகப் படுக்க வேண்டாம். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். தீபாவளி ஆர்டரை எண்ணி வாங்குங்கள்.

இன்னொன்று. டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையை டாக்டர் எழுதினால், மருந்துக் கடையில் "இது மனச்சோர்வுக்கான மாத்திரை" என்று சொல்லக்கூடும். கலங்க வேண்டாம். நரம்பு வழியாக ஏறும் வலியைத் தணிக்கவும் அவற்றைக் கொடுக்கிறார்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்று தோன்றினால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

ஒருவேளை சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ கடிகாரக் கணக்கெல்லாம் வேண்டாம். நள்ளிரவானாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.